ஆபரேஷனுக்குப் பிறகும் எடை ஏறி இறங்குவது ஏன்? மெஷின் சொல்லாத கணக்கு

திங்கட்கிழமை காலை. ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். முதல் இரண்டு வாரத்தில் ஏழு கிலோ குறைந்திருந்தது. வீட்டில் எல்லோரும் "முகமே மாறிடுச்சு" என்றார்கள். இன்று வெயிங் மெஷினில் ஏறினால் போன வாரம் இருந்த அதே எண். மறுநாளும் அதே. வியாழக்கிழமை 400 கிராம் கூடியிருக்கிறது. நாள் முழுக்க உள்ளே போனது கொஞ்சம் மோர், வடிகட்டிய சூப், இரண்டு டம்ளர் புரோட்டீன் பவுடர் கரைசல். அதற்கே எடை கூடுமா? மெஷினுக்கு பேட்டரி மாற்றிப் பார்ப்பார்கள். ஹாலில் இருந்ததை பெட்ரூம் டைல்ஸில் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு அந்த எண்ணம் வரும்: "இவ்ளோ செலவு பண்ணி, வயித்தையே வெட்டி எடுத்தும் நமக்கு வேலை செய்யலையா?"

இது யாரோ ஒருவரின் கதையல்ல. எடை குறைப்பு அறுவை சிகிச்சை, அதாவது பேரியாட்ரிக் சர்ஜரி செய்துகொண்டவர்களில் பலர் கடந்துவரும் வாரம் இது. இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் இடையில் வரும் இந்தத் தேக்கம் டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நோயாளிக்குத்தான் பெரும்பாலும் யாரும் முன்கூட்டியே சொல்லியிருப்பதில்லை. சொல்லியிருந்தாலும், ஆபரேஷன் தேதி நெருங்கும் பதற்றத்தில் காதில் ஏறியிருக்காது.

அவர்கள் மனதில் பதிந்திருப்பது வேறொரு படம். 'முன்', 'பின்' என்று இரண்டு போட்டோ, நடுவில் ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறிக்குள் ஒன்றரை வருஷம் ஒளிந்திருக்கிறது. அதில் வேகமாக இறங்கிய வாரங்கள் உண்டு, அசையாமல் நின்ற வாரங்கள் உண்டு, ஏறிய வாரங்களும் உண்டு. அம்புக்குறி மட்டும் நேர்கோடாக இருக்கிறது.

ஒரே ராத்திரியில் ஒரு கிலோ கொழுப்பு ஏறுமா?

முதலில் இந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சேமிக்கப்பட்டிருக்கும் சக்தி ஏறக்குறைய 7,700 கலோரி. அதாவது ஒரு கிலோ கொழுப்பு புதிதாகச் சேர வேண்டுமென்றால், உடல் அன்றாடம் செலவழிப்பதற்கு மேல் 7,700 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு இட்லிக்குச் சுமார் 50 கலோரி என்று வைத்துக்கொண்டால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 150 இட்லி. ஆபரேஷன் செய்த வயிற்றில் ஒரு இட்லி முழுசாக இறங்குவதே பெரிய விஷயமாக இருக்கும் நாட்களில் இது நடக்கவே முடியாது.

அப்படியானால் மெஷின் காட்டும் அந்த ஒரு கிலோ என்ன? பெரும்பாலும் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மெஷினுக்குக் கொழுப்பு எது, தசை எது, தண்ணீர் எது, இன்னும் வெளியேறாத மலம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. மேலே நிற்பது மொத்தம் எவ்வளவு என்று சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. பாதத்தை வைத்தவுடன் 'பாடி ஃபேட்' சதவீதம் காட்டும் ஸ்மார்ட் மெஷின்களும் இதற்கு விதிவிலக்கல்ல. அவை உடலுக்குள் லேசான மின்சாரம் செலுத்தி, அது சந்திக்கும் தடையை வைத்துத்தான் கணக்கிடுகின்றன. உடலில் தண்ணீர் கூடினால், குறைந்தால் அந்தச் சதவீதமும் மாறிவிடும்.

மூன்றாவது வாரத் தேக்கத்துக்கும் தண்ணீர்தான் முக்கியக் காரணம். நம் கல்லீரலும் தசைகளும் அவசரத் தேவைக்காக கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன. மொத்தமாக அரை கிலோ அளவுக்கு இருக்கலாம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆபரேஷனுக்கு முந்தைய திரவ டயட்டிலும், அதற்குப் பிறகான முதல் நாட்களிலும் உடல் முதலில் கை வைப்பது இந்தச் சேமிப்பில்தான். கிளைகோஜன் கரையக் கரைய அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் வெளியேறும். முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கிய கிலோக்களில் கணிசமான பங்கு இதுதான்.

பிறகு உணவு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக ஆரம்பித்ததும் உடல் அந்தச் சேமிப்பின் ஒரு பகுதியைத் திரும்பக் கட்டிக்கொள்கிறது. கூடவே தண்ணீரும் திரும்புகிறது. அதே சமயத்தில் கொழுப்பு கரைந்துகொண்டும் இருக்கிறது. ஒரு பக்கம் கொழுப்பு போகிறது, இன்னொரு பக்கம் தண்ணீர் வருகிறது. இரண்டும் சமமாகிவிட்டால் மெஷினில் எண் அசையாது. போன மாதம் இறுக்கமாக இருந்த பேன்ட் இப்போது பெல்ட் கேட்கிறதா என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை டேப் வைத்து அளக்கச் சொல்வது இதற்காகத்தான்.

உப்பு, மலச்சிக்கல், மாதவிடாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே மெஷினில் ஏறிவிட்டு அதிர்ச்சியடைபவர்களும் உண்டு. போகும்போது இருந்ததைவிட எடை கூடியிருக்கும். ஆபரேஷனின்போது நரம்பு வழியாக ஏற்றிய டிரிப்ஸும், அறுவை சிகிச்சைக்கு உடல் காட்டும் வீக்கமும் சேர்ந்து செய்யும் வேலை இது. சில நாட்களில் சிறுநீராக வெளியேறிவிடும். அந்த வாரம் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவதே நல்லது.

அடுத்து உப்பு. வீட்டில் ஒரு மாதம் உப்புக் குறைத்துச் சாப்பிட்டவர், ஒருநாள் ஆபீஸ் லஞ்ச்சில் நாலு ஸ்பூன் பிரியாணியும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டால் மறுநாள் காலை எடை கூடியிருக்க வாய்ப்பு அதிகம். சாப்பிட்டது நாலு ஸ்பூன்தான். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. ஓரிரு நாளில் இறங்கிவிடும். ஆனால் அந்த ஓரிரு நாளுக்குள் "நாலு ஸ்பூனுக்கே இப்படியா" என்று பயந்து மறுநாள் முழுப் பட்டினி கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டினியில் போவது தசை, வருவது தலைசுற்றல்.

பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடல் தண்ணீரைத் தேக்குவது இயல்பு. ஆபரேஷனுக்குப் பிறகும் அது மாறாது. அதனால் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, போன மாதத்தின் இதே நாட்களோடு ஒப்பிடுவது சரியாக இருக்கும். சாப்பாடும் தண்ணீரும் குறைவதாலும், இரும்புச்சத்து மாத்திரையாலும் மலச்சிக்கல் வருவது சாதாரணம். அதுவும் மெஷினில் கிராம் கணக்கில் தெரியும். புதிதாக ஜிம்மில் சேர்ந்து எடை தூக்க ஆரம்பித்த வாரம் தசைகள் வலித்து, லேசாக வீங்கி, நீரைப் பிடித்துக்கொள்ளும். "ஜிம் போனதும் வெயிட் கூடிடுச்சு" என்று இரண்டே வாரத்தில் ஜிம்மை நிறுத்துபவர்கள் நிறையப் பேர். நிறுத்தக் கூடாத ஒன்றை நிறுத்துகிறார்கள். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். அதைத் தடுப்பவை புரோட்டீனும் எடைப் பயிற்சியும்தான்.

நைட் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 'காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில்' என்பது அவர்களுக்கு ஒருநாள் மதியம் மூன்று மணி, வார விடுமுறையில் காலை ஒன்பது மணி. இரண்டையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். தூங்கி எழுந்து, கழிவறை போய்விட்டு வந்த பிறகு, அதே மெஷின், அதே இடம், வாரம் ஒருமுறை. நான்கு வாரத்து எண்களின் சராசரியை அதற்கு முந்தைய நான்கு வாரத்துச் சராசரியோடு வைத்துப் பாருங்கள். தினமும் ஏறிப் பார்த்தே ஆக வேண்டும் என்று சிலருக்கு இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் காலையில் தெரிந்த எண் அன்றைய சாப்பாட்டையும் மூடையும் தீர்மானிக்கிறது என்றால், மெஷினை வேறு யாரிடமாவது கொடுத்து வைக்கச் சொல்லலாம்.

யாரும் போட்டுக் காட்டாத கணக்கு

தினசரி ஏற்ற இறக்கத்தைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்பே விதைக்கப்பட்டுவிடுகிறது.

உயரம் 160 செ.மீ., எடை 110 கிலோ உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 43. கூகுளில் தேடினால் இந்த உயரத்துக்கு 'சரியான எடை' 60 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அவர் மனதில் அந்த 60 உட்கார்ந்துவிடுகிறது. நிஜத்தில், இரைப்பையின் சுமார் 80 சதவீதத்தை நீக்கி மீதியை ஒரு குழாய் போல ஆக்கும் ஸ்லீவ் ஆபரேஷனில் மொத்த எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவது நல்ல பலனாகக் கருதப்படுகிறது. சிறிய பை ஒன்றை உருவாக்கி அதைக் குடலோடு இணைக்கும் பைபாஸில் இன்னும் கொஞ்சம் கூடுதல். 110-ல் நான்கில் ஒரு பங்கு 27.5 கிலோ. மீதி 82.5 கிலோ. பி.எம்.ஐ. 32.

அட்டவணைப்படி இதுவும் உடல்பருமன்தான். ஆனால் மருத்துவக் கணக்கில் இது வெற்றி. சுகர் மாத்திரை குறையலாம், குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் குறையலாம், முழங்காலுக்கு மேல் இருந்த பாரம் இறங்கியிருக்கும். 27 கிலோ என்பது நிறைந்த ஒரு வீட்டு கேஸ் சிலிண்டரைவிடக் கொஞ்சம் குறைவு. அதை 24 மணி நேரமும் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவர் இப்போது இறக்கி வைத்திருக்கிறார். ஆனாலும் 60 வரவில்லை என்று அவர் தோற்றுப்போனவராக நினைத்துக்கொள்கிறார். ஒரே வாரத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட இன்னொருவர் 40 கிலோ குறைந்திருப்பார்; அவர் தொடங்கியது 160-ல் என்பது யாருக்கும் நினைவுக்கு வராது. சதவீதத்தில் இருவரும் சமம்.

இந்தக் கணக்கை ஆபரேஷனுக்கு முன்பே நோயாளி முன்னால் ஒரு பேப்பரில் போட்டுக் காட்ட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காத டாக்டரும், 'இத்தனை நாளில் இத்தனை கிலோ' என்று போஸ்டர் போடும் ஆஸ்பத்திரியும் பின்னால் வரும் மனச்சோர்வுக்குப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் கூடுதல் எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். இந்தச் சிகிச்சையைத் தேடி வருபவர்கள் இனிமேல் கூடத்தான் போகிறார்கள். அவர்களுக்கு நேர்கோடு விற்பது நியாயமில்லை.

இரண்டாம் வருஷத்துக்குப் பிறகு

முதல் ஆறு மாதம் வேகம். அதன் பிறகு மெதுவாகும். ஒரு வருஷத்துக்கும் இரண்டு வருஷத்துக்கும் இடையில் எடை தன் அடிமட்டத்தைத் தொட்டு நின்றுவிடும். சின்ன உடலுக்குச் சின்ன செலவு என்பதே இதற்கு முதல் காரணம். 110 கிலோவைச் சுமந்து நடக்க ஆன கலோரி 82 கிலோவைச் சுமக்கத் தேவையில்லை. அதே சாப்பாடு, அதே நடை, ஆனால் முன்பு குறைத்த அளவுக்கு இப்போது குறைக்காது.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. எடை குறைவதை உடல் ஒரு ஆபத்தாகப் பார்த்து செலவைச் சுருக்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் 'தி பிக்கஸ்ட் லூசர்' டிவி போட்டியில் டயட்டாலும் கடுமையான உடற்பயிற்சியாலும் எடை குறைத்த 14 பேரை ஆய்வாளர் கெவின் ஹால் குழு ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். ஓய்வில் அவர்கள் உடல் செலவழித்த சக்தி, அந்த எடைக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. கிட்டத்தட்ட ஒருவேளைச் சாப்பாடு. இதைச் சோம்பேறித்தனம் என்று யார் சொல்ல முடியும்?

ஆபரேஷன் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஸ்லீவில் நீக்கப்படும் இரைப்பைப் பகுதிதான் கிரெலின் என்ற பசி ஹார்மோனை அதிகம் சுரக்கும் இடம். உணவு சீக்கிரமாகக் குடலைச் சென்றடைவதால் ஜி.எல்.பி-1 போன்ற 'போதும்' என்று சொல்லும் ஹார்மோன்கள் கூடுகின்றன. டயட்டில் இருப்பவருக்குப் பசி ஏறும். ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு முதலில் பசி இறங்கும். ஆனால் இந்த உதவி எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை, எப்போதும் அதே பலத்தோடு நீடிப்பதும் இல்லை. இரண்டாம் வருஷத்தில் "திரும்பப் பசிக்குது" என்று ஒருவர் சொன்னால் அவர் மனக்கட்டுப்பாட்டை இழந்துவிட்டார் என்று அர்த்தமில்லை. உடல் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்திருக்கிறது.

நீண்ட கால ஆய்வுகள் இதையே சொல்கின்றன. 1987-ல் ஸ்வீடனில் தொடங்கிய ஆய்வு ஒன்று ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேரையும், வழக்கமான சிகிச்சையில் இருந்த 2,037 பேரையும் தொடர்ந்து கவனித்தது. பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு வருஷத்தில் சராசரியாக 32 சதவீத எடையைக் குறைத்திருந்தார்கள். பத்தாம் வருஷத்தில் அது 25 சதவீதம். அதாவது ஏழு சதவீதம் திரும்பியிருந்தது. அதே பத்து வருஷத்தில் ஆபரேஷன் செய்யாதவர்களின் சராசரி எடை பெரிதாக மாறவே இல்லை. ஆபரேஷன் குழுவில் இறப்பு விகிதம் 24 சதவீதம் குறைவு.

அமெரிக்காவின் லேப்ஸ் ஆய்வு பைபாஸ் செய்துகொண்டவர்களை ஏழு வருஷம் பின்தொடர்ந்தது. ஏழாம் வருஷத்தில் சராசரி இழப்பு 28.4 சதவீதம். மூன்றாம் வருஷத்துக்கும் ஏழாம் வருஷத்துக்கும் நடுவில் திரும்ப ஏறியது 3.9 சதவீதம். 120 கிலோவில் தொடங்கியவருக்கு இது 34 கிலோ குறைந்த நிலை. நடுவில் நாலரை, ஐந்து கிலோ ஏறியிருக்கும். ஏறிய ஐந்து கிலோவைப் பார்த்து அழுபவர், போன 34 கிலோவை மறந்துவிடுகிறார். சராசரி என்பதையும் மறக்கக் கூடாது. சிலருக்கு ஒன்றுமே ஏறாது, சிலருக்குப் பாதிக்கு மேல் திரும்பிவிடும். ஸ்லீவில் பலன் பைபாஸைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதே பொதுவான அனுபவம்.

வழுக்கி இறங்கும் சாப்பாடு

எல்லாவற்றையும் ஹார்மோன் மேல் போட்டுவிடவும் முடியாது. சின்ன வயிறு தடுப்பது அளவைத்தான், கலோரியை அல்ல. ஒரு சப்பாத்தியும் கொஞ்சம் சிக்கனும் வயிற்றை நிறைத்துவிடும். மிக்சர், முறுக்கு, டீயில் தோய்த்த பிஸ்கட், ஐஸ்கிரீம், பாயசம், ஜூஸ் ஆகியவை அப்படியல்ல. மென்றதும் கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறைந்தது போலவே இருக்காது. சிறிது நேரம் கழித்து இன்னும் கொஞ்சம். இப்படி மாலை நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை டெஸ்க்கில் ஒரு பாக்கெட் காலியாகும். சர்க்கரை போட்ட டீ நாளைக்கு ஐந்து கப் என்றால் அதுவே ஒரு கணக்கு.

நம் ஊர்ச் சாப்பாட்டில் இன்னொரு பழக்கம், ரசமும் மோரும் விட்டுக் கரைத்துச் சாப்பிடுவது. திட உணவு சின்ன இரைப்பையில் கொஞ்ச நேரம் தங்கினால்தான் வயிறு நிறைந்த உணர்வு வரும். கூடவே திரவம் சேர்ந்தால் சீக்கிரம் இறங்கிவிடும். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள் என்று டயட்டீஷியன் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன் என்பது பொதுவான இலக்கு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம் அளவில், ஒரு இட்லியில் இரண்டு கிராம் கூடத் தேறுவது கஷ்டம். இட்லி, தோசை, சாதம் என்றே ஓடினால் 60 வராது. தட்டில் முதலில் முட்டை, மீன், சுண்டல், பனீர், பிறகு காய், இடமிருந்தால் சாதம். தலைகீழாகச் சாப்பிடுவது போல இருக்கும். பழகிவிடும்.

மதுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பைபாஸுக்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலே வேகமாக ரத்தத்தில் ஏறும். இரண்டாம் வருஷத்திலிருந்து அது பழக்கமாக மாறும் ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. "வீக்கெண்ட் மட்டும்தான்" என்பவர்கள் இதைத் தங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்வது நல்லது.

மறைத்து வாழும் வருஷங்கள்

எடை கூடியதைவிட அதைச் சுற்றி வரும் வெட்கம்தான் அதிகம் கெடுக்கிறது. இளைத்தபோது ஆபீஸில் கேட்பார்கள்: "ரொம்ப இளைச்சுட்டீங்களே, சுகர் எதுவும் இருக்கா?" கொஞ்சம் ஏறியதும் கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும்போது சித்தி கேட்பார்: "என்னடி, ஆபரேஷன் பண்ணியும் திரும்பப் பழையபடி ஆகிட்டே?" இரண்டு கேள்விக்கும் பயந்து, ஆபரேஷனையே மறைத்து 'ஹெர்னியா', 'பித்தப்பைக் கல்' என்று லீவ் லெட்டர் எழுதியவர்கள் உண்டு. மறைத்தவர் டீம் லஞ்ச்சில் ஏன் குறைவாகச் சாப்பிடுகிறார் என்று யாருக்கும் தெரியாது; "இன்னும் கொஞ்சம் வைங்க" என்று எல்லோரும் வற்புறுத்துவார்கள்.

இதே வெட்கம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வருகிறது. முதல் வருஷம் எடை இறங்கும்போது ஃபாலோ-அப்புக்கு உற்சாகமாகப் போனவர், ஐந்து கிலோ ஏறியதும் போவதை நிறுத்திவிடுகிறார். "கொஞ்சம் குறைச்சிட்டுப் போறேன்" என்பார். குறையாது. ஆறு மாதம் ஒரு வருஷமாகும், ஒரு வருஷம் மூன்றாகும். நிற்பது செக்-அப் மட்டுமல்ல. வைட்டமின் மாத்திரையும் சேர்ந்து நின்றுவிடும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, தயமின் ஆகியவை இந்த ஆபரேஷன்களுக்குப் பிறகு குறைய வாய்ப்புள்ளவை. மாத்திரைகளும் வருஷாந்திர ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும் தேவை, எடை எந்த எண்ணில் இருந்தாலும். பாதம் மரத்துப்போவதும், படியேறினால் மூச்சு வாங்குவதும், தலைமுடி கொட்டுவது நிற்காமல் தொடர்வதும் 'எடை ஏறியதால்' என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டு இருப்பார்கள். ரத்தத்தில் பி12-ஓ இரும்போ அடிமட்டத்தில் இருக்கும்.

பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு ஒரு மாதம் பிரஷர் கூடினால், "மாத்திரை போட்டும் இப்படிப் பண்ணிட்டியே" என்று யாரும் திட்டுவதில்லை. டாக்டர் டோஸை மாற்றுவார், காரணம் தேடுவார். உடல்பருமனும் அப்படி நாள்பட்ட நோய்தான் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டு வருஷங்கள் ஆகின்றன. வீடும் ஆபீஸும் இன்னும் அதை ஒழுக்கக் குறைவாகவே பார்க்கின்றன. சில கிளினிக்குகளும்தான். ஃபாலோ-அப்புக்கு வந்தவரை மெஷினில் ஏற்றி, எண்ணைச் சத்தமாகப் படித்து, "என்னம்மா இது?" என்று கேட்கும் இடத்துக்கு அவர் மறுபடி வரமாட்டார்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஓரிரு கிலோ ஏறி இறங்குவதற்குப் பதற வேண்டியதில்லை. ஆனால் சில நாட்களுக்குள் எடை வேகமாகக் கூடி, காலில் அழுத்தினால் குழி விழும் வீக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் இதயம், சிறுநீரகம், கல்லீரலைப் பார்க்க வேண்டும். எதிர்த்திசையில், தொடர்ந்து வாந்தி வந்து தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் எடை குறைகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், அன்றே ஆஸ்பத்திரி. தொடர் வாந்தியில் தயமின் தீர்ந்துபோனால் நடை தடுமாற்றம், பார்வைக் கோளாறு, குழப்பம் என்று மூளையையே பாதிக்கலாம். கடுமையான வயிற்றுவலி, காய்ச்சல், படபடப்பு ஆகியவையும் இதே பட்டியல்தான்.

எடை கூடிய இளம்பெண்களுக்கு இன்னொரு சாத்தியமும் உண்டு. நீர்க்கட்டிப் பிரச்சினையால் மாதவிடாய் தவறிக்கொண்டிருந்தவர்களுக்கு எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகத் திரும்பும். ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உட்கிரகிக்கப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறைகளைப் பற்றி டாக்டரிடம் கேட்பது அவசியம்.

எண் ஏறியதும் எதையும் சாப்பிடாமல் இருப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுக்க வைப்பது, ராத்திரி யாருக்கும் தெரியாமல் கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது, வாழ்வதே வீண் என்று தோன்றுவது: இவற்றில் எது இருந்தாலும் டயட் சார்ட் போதாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

மூன்று வருஷம் கழித்து, எட்டு கிலோ ஏறிய நிலையில் ஒருவர் ஃபாலோ-அப்புக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கிளினிக்கில் நடக்க வேண்டியது இதுதான். முதலில் மற்ற மருந்துகளைக் கேட்பார்கள்: ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் ஆகியவை எடையைக் கூட்டும். தைராய்டு, பி12, இரும்பு, வைட்டமின் டி, சுகர் பரிசோதிப்பார்கள். தூக்கம், ஷிஃப்ட், வீட்டில் யார் சமைக்கிறார்கள், மாலையில் என்ன சாப்பிடுகிறார் என்று டயட்டீஷியன் உட்கார்ந்து பேசுவார். தேவைப்பட்டால் ஸ்கேன் அல்லது எண்டோஸ்கோபி செய்து இரைப்பை விரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2025-ல் இந்தியாவில் அறிமுகமான மவுஞ்சாரோ, வீகோவி போன்ற வாராந்திர ஊசிகளைச் சிலருக்கு டாக்டர் யோசிக்கலாம். நண்பர் சொன்னார் என்று மெடிக்கலில் தானாக வாங்கிப் போடக் கூடாது. ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் வயிற்றில் அது சத்துக் குறைபாட்டைக் கூட்டிவிடும். மறு ஆபரேஷன் வெகு சிலருக்குத்தான் தேவைப்படும்.

போகும்போது கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும், ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியையும், ஒரு வாரம் சாப்பிட்டதை மறைக்காமல் எழுதிய தாளையும் எடுத்துப் போனால் போதும். "குறைச்சிட்டுப் போறேன்" என்று காத்திருக்க வேண்டாம். பழைய ஆஸ்பத்திரிக்குப் போகவே கூச்சமாக இருந்தால், அந்த சம்மரியோடு வேறு பேரியாட்ரிக் டாக்டரிடமும் போகலாம்.